கார்பன் ஃபைபர் ஏடு ஏடா பிரியாம இருக்க நடுவுல துணி வைக்கிறது எப்படி

டிராகன் போட் ஓட்டுற தம்பி ஒருத்தன் சிங்கப்பூர் கல்லாங் பேசின்ல ட்ரெயினிங் முடிச்ச ஈரத்தோட நேரா எங்க பிளாக்குக்கு கீழ வந்து நின்னான், கையில கார்பன் துடுப்பு. "அண்ணே ஒடையல, கீறல்கூட இல்ல, ஆனா தண்ணியில போட்டு இழுக்கும்போது நுனி ஒரு மாதிரி தொளதொளன்னு இருக்கு, என்னன்னு பாருங்க"ன்னான். வாய்ட் டெக்ல, அதான் பிளாக்கோட திறந்த கீழ்த்தளத்துல, இருக்குற கல்மேசையில துடுப்ப வச்சு ஒரு 20 காசு நாணயத்த எடுத்து கழுத்துலேருந்து தட்டிக்கிட்டே வந்தேன். டிக் டிக் டிக்னு சுத்தமா வந்துக்கிட்டிருந்த சத்தம் நுனி ஓரத்துல ரெண்டு விரல் அகலத்துக்கு மட்டும் டப் டப்னு செத்துப்போச்சு. அவ்வளவுதான், உள்ள ஏடு பிரிஞ்சிருக்கு. ஃபைபர் ஒண்ணுகூட அறுந்திருக்காது, ஆனா துடுப்பு போச்சு.

கார்பன் ஃபைபர்னா இரும்ப விட வலுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது நூலோட நீளவாக்குல மட்டும்தான் உண்மை. ஒரு ஏட்டுக்கும் அடுத்த ஏட்டுக்கும் நடுவுல என்ன இருக்கு? வெறும் எபாக்ஸி பசை. அது காஞ்சா கண்ணாடி மாதிரி. மூங்கில குறுக்கால ஒடிக்க முடியாது, ஆனா முனையில கத்திய வச்சு ஒரு தட்டு தட்டுனா சரசரன்னு பொளந்துக்கிட்டு போகும்ல, அதே கதைதான். பரோட்டா ஏடு ஏடா பிரிஞ்சாதான் மாஸ்டருக்கு பேரு, நம்ம லேமினேட், அதாவது ஏடு அடுக்கி ஒட்டுன தகடு, அப்படி பிரிஞ்சா நமக்கு கெட்ட பேரு.

இதுக்கு மருந்து ரொம்ப எளிசு, ஏட்டுக்கு நடுவுல ஒரு மெல்லிசான துணி. நெய்ததுகூட இல்ல, நூல் நூலா கலைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்குற நான்வோவன், ஒரு சதுர மீட்டர் வெறும் 5 கிராம்லேருந்து 20 கிராம்தான் இருக்கும், கையில புடிச்சா சிலந்தி வலை மாதிரி. இதுக்கு பேரு வெய்ல். வீட்டுல போன்ல பேசும்போது "வெய்ல் வந்துருச்சா, வெய்ல காய வைக்கணும்"னு சொல்லிக்கிட்டிருந்தேன், அம்மா முருகனோட வேலத்தான் சொல்றேன்னு நெனச்சு தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கேன்னாங்க. அதனால இங்க எழுதும்போது வெய்ல்னே எழுதுறேன், வெயில்னும் படிச்சிராதீங்க.

இது புது ஐடியா ஒண்ணும் இல்ல. 1995ல சேவைக்கு வந்த போயிங் 777ஓட வால் பகுதி கார்பன், அதுல போட்ட டோரே கம்பெனி 3900-2 ப்ரீப்ரெக்ல, அதாவது முன்கூட்டியே எபாக்ஸி ஊறவச்ச கார்பன்ல, ஏட்டுக்கு ஏடு நடுவுல தெர்மோபிளாஸ்டிக், அதான் சூட்டுல உருகுற பிளாஸ்டிக் துகள் தனி அடுக்கா நிக்கும், பின்னாடி 787க்கும் அதே குடும்பத்து மெட்டீரியல்தான். எஸ்ஐஏ 787-10ல ஏறி உட்கார்ந்திருந்தீங்கன்னா உங்கள சுத்தி இருந்தது இந்த வித்தைதான். ஒரு ஸ்பானர் கை தவறி விழுந்தா வெளிய ஒண்ணும் தெரியாம உள்ள ஏடு பிரிஞ்சிரும், அப்புறம் அழுத்தம் வரும்போது அந்த எடம் உப்பிக்கிட்டு ஒடையும், அந்த பயத்துக்காகத்தான் அவங்க இத கண்டுபிடிச்சாங்க. அவங்க துகள் போட்டாங்க, நாம துணி போடுறோம். நம்ம மாதிரி கையால செய்றவங்களுக்கு துணிதான் வசதி, ஏன்னா துகள எல்லா எடத்துலயும் ஒரே அளவா தூவ நம்மால முடியாது.

துணி எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சா எங்க வைக்கணும்னு தானா புரியும். வேகவச்ச பனங்கிழங்க ரெண்டா பொளந்திருக்கீங்களா, நடுவுல நார் ரெண்டு பக்கமும் புடிச்சுக்கிட்டு இழுக்கும், விடாது. விரிசல் வரும்போது வெய்ல் நூலும் அதே மாதிரி ரெண்டு ஏட்டையும் புடிச்சுக்கிட்டு பாலம் போட்டு நிக்கும், நூல் நீளும், உருவிக்கிட்டு வரும், அறும், இது ஒவ்வொண்ணுக்கும் விரிசல் கூலி குடுத்துட்டுதான் தாண்டணும். அதுபோக விரிசல் நேர்கோட்டுல ஓட முடியாம ஏறி எறங்கி வளைஞ்சு போகும். எபாக்ஸி மட்டும் இருந்தா இந்த செலவே கிடையாது, சல்லுன்னு போயிரும்.

எந்தத் துணின்னு கேட்டா, முதல்ல நைலான், அதாவது பாலிஅமைடு. எபாக்ஸிக்கும் அதுக்கும் நல்லா ஒட்டும், நூலும் நல்லா நீளும். ரெண்டாவது பிபிஎஸ், பாலிஃபினைலின் சல்ஃபைடுங்கிற பிளாஸ்டிக், இது எபாக்ஸியோட அவ்வளவு கெட்டியா ஒட்டாது, ஆனா அதனாலயே நூல் உருவிக்கிட்டு வந்து பாலம் போடும், தண்ணியும் குடிக்காது. பாலியஸ்டர் வெய்ல் சுமாரா வேலை செய்யும், எளிசா கிடைக்கும். கண்ணாடி டிஷ்யூ மேல்பூச்சுக்கு நல்லது, இதுக்கு நான் போட மாட்டேன், நூல் நீளாம பொட்டுனு ஒடையும். அராமிட், அதான் கெவ்லார்னு சொல்றோமே, அதுல மெல்லிசு நெசவுத் துணி துடுப்பு நுனிக்கு அருமை, கார்பன் ஒடைஞ்சாலும் துண்டு தொங்கிக்கிட்டு நிக்கும், தண்ணியில காணாம போகாது. ஆனா அத வெட்ட தனி கத்திரிக்கோல் வேணும், மணல்தாள் போட்டா பஞ்சு பஞ்சா எழும்பும், அமுக்கு விசைக்கும் தாங்காது, அதனால ஓரத்துல ஒரே ஒரு ஏடு போதும்.

சூட்ட பத்தி ஒரு விஷயம். ரூம் டெம்பரேச்சர்ல காயிற எபாக்ஸின்னா எந்த வெய்லும் உருகாது, நூல் நூலாவே நிக்கும். ஓவன் ப்ரீப்ரெக் வச்சு வேலை செய்றவங்க மட்டும் உருகுநிலைய பாருங்க: நைலான் 12 கிட்டத்தட்ட 178 டிகிரி, நைலான் 6 சுமார் 220, நைலான் 66 சுமார் 260, பிபிஎஸ் சுமார் 280. 180 டிகிரில க்யூர் பண்ணா, அதாவது சூட்டுல கெட்டியாக்குனா, நைலான் 12 உருகி படலமா ஆயிரும். உருகினாலும் ஓரளவு வேலை செய்யும், ஆனா பனங்கிழங்கு நார் மாதிரி பாலம் கிடைக்காது.

இப்போ எல்லாரும் பண்ற தப்பு. நல்லதுன்னு கேள்விப்பட்டதும் எல்லா ஏட்டுக்கு நடுவுலயும் ஒண்ணு வச்சிருவாங்க. 10 கிராம் துணிதானே, கனமா என்னன்னு கேப்பாங்க. துணி 10 கிராம்தான், ஆனா அது குடிக்கிற ரெசின், அதான் எபாக்ஸி? கணக்கு போடுவோம். 10 கிராம் நைலான்னா கெட்டியா அமுக்குனா 9 மைக்ரான் தடிமன், ஆனா நான்வோவன வாக்குவத்துல, அதான் பைக்குள்ள காத்த உறிஞ்சி, அமுக்குனாலும் கால்வாசி நூலு முக்கால்வாசி ரெசின்னு நிக்கும்னு வச்சுக்குங்க, அப்போ 35 மைக்ரான், அதுல ரெசின் மட்டும் சதுர மீட்டருக்கு 30 கிராம். ஆக ஒரு வெய்ல் 40 கிராம். சதுர மீட்டருக்கு 200 கிராம் ட்வில் நெசவு கார்பன் 12 ஏடு அடுக்குனா ரெசினோட சேர்த்து சுமார் 3900 கிராம் வரும், நடுவுல 11 எடம், எல்லாத்துலயும் வச்சா 440 கிராம் ஏறும், பத்து சதவீதத்துக்கு மேல. கனம் மட்டும் இல்ல, தடிமன் ஏறுதே தவிர கார்பன் ஏறல, அதனால அதே தடிமனுக்கு விறைப்பு கொறையும். மூணே எடத்துல வச்சா 120 கிராம், மூணு சதவீதம், யாருக்கும் தெரியாது.

அப்போ எந்த மூணு எடம்? விரிசல் எங்க கிளம்பும்னு யோசிங்க. ஒண்ணு, ஏட்டு நூலோட திசை மாறுற எடம், 0 டிகிரி ஏட்டுக்கு மேல 90 டிகிரி இல்ல 45 டிகிரி உக்காருற எடம், ஒரே திசையில இருக்குற ரெண்டு ஏட்டுக்கு நடுவுல வைக்கிறது வேஸ்ட். ரெண்டு, தடிமன் கொறையிற எடம், அதாவது உள்ள ஒரு ஏடு பாதியில முடியுது பாருங்க, துடுப்புல கழுத்துகிட்ட அப்படித்தான் இருக்கும், அந்த ஏடு முடியிற நுனிய மூடி ரெண்டு பக்கமும் ஒரு 20 மிமீ தாண்டுற மாதிரி பட்டையா வைங்க. மூணு, வளையிற பொருள்னா தடிமன் நடுவுல, ஏன்னா ஷியர் விசை, அதாவது ஒரு ஏட்டு மேல இன்னொரு ஏட்ட வழுக்க வைக்கப் பாக்குற விசை, அங்கதான் அதிகம். அடி வாங்குற பொருள்னா அடி படுற பக்கத்துக்கு எதிர்பக்கம் இருக்குற ரெண்டு மூணு ஏட்டுக்கு நடுவுல, பிரியிறது அந்தப் பக்கம்தான் பெருசா விரியும். இன்னொண்ணு, ஒரே திசை ஏட்ட மூணு நாலு சேர்த்து தடியா அடுக்காதீங்க, அப்படி அடுக்குனா பக்கத்துல எந்த வெய்ல் வச்சும் காப்பாத்த முடியாது.

துடுப்புக்கு நான் வைக்கிறது: நுனியிலேருந்து ஒரு சாண் வரைக்கும், ஓரம் சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்கு, அப்புறம் கழுத்து. நடு வயிறு காலி. ரேஸுக்கு போறவங்க உலக டிராகன் போட் சங்கம் ஐடிபிஎஃப்போட 202ஏ துடுப்பு விதி அளவுக்குள்ள தடிமன் வருதான்னு முன்னாடியே பாத்துக்குங்க.

சரி, செய்முறை. இதுல சிங்கப்பூருக்குன்னு ஒரு தலைவலி இருக்கு, ஈரப்பதம். இங்க வருஷம் பூரா சராசரி 80 சதவீதத்துக்கு மேல, நைலான் அந்த ஈரத்த பஞ்சு மாதிரி குடிக்கும். ஈரமான வெய்ல அப்படியே வச்சு வாக்குவம் போட்டீங்கன்னா அந்த தண்ணி ஆவியாகி குமிழியா ரெசின்ல மாட்டிக்கும். வெளிநாட்டு வீடியோவுல எவனும் இத சொல்ல மாட்டான், அவன் ஊர்ல ஹீட்டர் போட்டு காத்து காஞ்சு கெடக்கு. நான் சின்ன டோஸ்டர் ஓவன் ஒண்ணு இதுக்குன்னே வச்சிருக்கேன், 70 டிகிரில மூணு நாலு மணி நேரம் வெய்ல் காயும், சூடு ஆறுறதுக்குள்ள சிலிக்கா ஜெல் போட்ட முறுக்கு டின்ல போட்டு மூடிருவேன், ரெசின் கலக்குன பிறகுதான் டின்ன தொறப்பேன். முறுக்கு டின் காணோம்னு வீட்டுல கேட்டா எனக்கு தெரியாது. சமையல் ஓவன இதுக்கு தொடாதீங்க, முக்கியமா ரெசின் பட்ட எதையும் உள்ள வைக்காதீங்க.

எபாக்ஸிக்கு ஸ்லோ ஹார்டனர், அதாவது மெதுவா கெட்டியாக்குற கலவை திரவம், வாங்குங்க. டப்பாவுல போட்டிருக்குற நேரம் பெரும்பாலும் 20, 25 டிகிரிக்கு சொல்றது, சூடு 10 டிகிரி ஏறுனா நேரம் கிட்டத்தட்ட பாதியாகும், நம்ம ஊர் மதியம் 32. கலக்குனத கப்புல வச்சுக்கிட்டு நிக்காதீங்க, அகலமான தட்டுல ஊத்திருங்க, கப்புல குவிஞ்சு இருந்தா தன் சூட்டுலயே கொதிச்சு புகை வரும். எடை தராசுலதான் கலக்கணும், கண்ணால அளந்து கலக்குனது காயாம பிசுபிசுன்னு நின்னா வெய்ல் மேல பழி போடாதீங்க. மழை பெய்யிறப்ப செய்யாதீங்க, ஹார்டனர் ஈரத்தோடயும் கரியமில வாயுவோடயும் சேர்ந்து மேல வெள்ளையா மெழுகு மாதிரி படியும், அது மேல அடுத்த ஏடு ஒட்டவே ஒட்டாது. படிஞ்சிருந்தா தின்னர் அசிட்டோன்னு தேய்க்க வேணாம், அது தண்ணியில கரையிற சமாச்சாரம், வெதுவெதுப்பான தண்ணியும் சோப்பும் போட்டு கழுவி காயவச்சு அப்புறம் மணல்தாள் போடுங்க.

எடம், ஹெச்டிபி அடுக்குமாடி காரிடார்ல வேணவே வேணாம். அக்கம்பக்கத்துக்கு வாடை, கார்பன் தூசி மின்சாரம் கடத்தும், ஸ்விட்ச் போர்டுக்குள்ள கம்ப்யூட்டருக்குள்ள போனா ஷார்ட். நாங்க நாலு பேரு சேர்ந்து வடக்குப் பக்கம் தொழிற்பேட்டையில ஒரு சின்ன யூனிட்ல மூலை வாடகைக்கு எடுத்திருக்கோம். நைட்ரைல் கையுறை கட்டாயம், எபாக்ஸி ஒரு தடவ தோலுக்கு ஒத்துக்காம போச்சுன்னா அப்புறம் ஆயுசுக்கும் ஒத்துக்காது, அந்த வாடை பட்டாலே அரிக்கும். மணல்தாள் எப்பவும் தண்ணி போட்டு, என்95 போட்டு.

கார்பன முதல்ல வெட்டிக்குங்க, வெய்லையும் அதே அளவுக்கு வெட்டிக்குங்க. வெய்ல வெட்ட உருள் பிளேடு நல்லது, கத்திரிக்கோல் வச்சா இழுத்துக்கிட்டு சுருங்கும். அச்சுல வேக்ஸ் போட்டு முதல் கார்பன் ஏட்ட வச்சு ரோலரால ரெசின் விடுங்க, நல்லா நனையட்டும், கொஞ்சம் மிச்சமா இருக்கட்டும். அது மேல வெய்ல விரிக்கணும், இங்கதான் பொறுமை வேணும். ரெண்டு கையால ரெண்டு மூலைய புடிச்சு ஒரு பக்கத்துலேருந்து மெதுவா எறக்குங்க, பொத்துன்னு போட்டா காத்து உள்ள மாட்டும், அப்புறம் தூக்கவும் முடியாது, கிழிஞ்சு வரும். வச்சதும் ரெசின ஊத்தாதீங்க, கீழ இருக்குற ரெசினையே அது குடிக்கட்டும், அப்பளம் எண்ணெய்ல நிறம் மாறுற மாதிரி வெள்ளை வெள்ளையா இருந்தது ஒரு நிமிஷத்துல கண்ணாடியாகி கீழ இருக்குற கார்பன் நெசவு தெரியும். எங்க இன்னும் வெள்ளையா நிக்குதோ அங்க காத்து இருக்குன்னு அர்த்தம், அந்த எடத்துல மட்டும் ரெசின் தொட்ட பிரஷால குத்துங்க, தேய்க்கக்கூடாது, தேய்ச்சா நூல் சுருண்டு முடிச்சு விழும், அந்த முடிச்சு அடுத்த ஏட்ட தூக்கி நிறுத்தி ரெசின் குட்டை கட்டும். ஒரு துண்டு பத்தலேன்னா ரெண்டு துண்ட பக்கம் பக்கமா வைங்க, மேல மேல ஏத்த வேணாம், ஒரு மிமீ சந்து விட்டாலும் பாதகமில்ல. ஆனா பொருளோட ஓரம் வரைக்கும் கண்டிப்பா வரணும், விரிசல் கிளம்புறதே ஓரத்துலதான், ஓரத்துல 5 மிமீ கொறைச்சு வச்சா பூட்டின கதவுக்கு பக்கத்துல ஜன்னல தொறந்து வச்ச மாதிரி.

அப்புறம் அடுத்த கார்பன், மறுபடி ரோலர். எல்லாம் அடுக்குனதும் பீல் ப்ளை (காஞ்ச பிறகு உரிச்சு எடுக்குற துணி), துளை போட்ட ஃபிலிம், உறிஞ்சுற பஞ்சு, வாக்குவம் பை. பம்ப் மைனஸ் 0.9 பார் காட்டணும். வால்வ மூடிட்டு பத்து நிமிஷம் காப்பி குடிச்சுட்டு வாங்க, முள்ளு கண்ணுக்கு தெரிஞ்சு எறங்கியிருந்தா லீக் இருக்கு, அத முதல்ல அடைங்க. குமிழி நெறைஞ்ச லேமினேட்டுக்கு தங்க நூல்ல வெய்ல் செஞ்சு வச்சாலும் பிரயோஜனம் இல்ல.

இன்ஃப்யூஷன் முறையில, அதாவது எல்லாத்தையும் காஞ்சபடி அடுக்கிட்டு வாக்குவத்தால ரெசின உள்ள இழுத்து, செய்றவங்களுக்கு வெய்ல் காஞ்சபடியே அடுக்குல உக்காரும், அது சௌகரியம். குறைஞ்ச சூட்டுல உருகுற கோ-பாலிஅமைடு வெய்ல்னா இஸ்திரிப் பெட்டிய மெல்லிசா ஒத்தி எடுத்தா ஏடெல்லாம் ஒட்டிக்கிட்டு அசையாம நிக்கும், மேல பேக்கிங் பேப்பர் ஒண்ணு வச்சுக்குங்க, இல்லேன்னா பெட்டி நாசம். ஆனா வெய்ல் நெறைய இருந்தா ரெசின் மேலிருந்து கீழ எறங்க நேரம் எடுக்கும், மேல ஓடி முடிஞ்சிருச்சேன்னு குழாய அடைச்சிராதீங்க, கீழ காஞ்சு கெடக்கும்.

ரெண்டு துணி விஷயத்துல நான் அடிபட்டிருக்கேன், நீங்க படவேணாம். ஆரம்பத்துல வெய்ல் ஆர்டர் பண்ணி வர லேட்டாச்சு, கையில பீல் ப்ளை துண்டு இருந்தது, அதுவும் நைலான்தானே, இதையே நடுவுல வச்சா என்னன்னு வச்சிட்டேன். காஞ்சு பாத்தா சூப்பரா இருந்தது, ஓரத்த வெட்டிட்டு நகத்தால ஒரு நெம்பு நெம்புனேன், ஸ்டிக்கர் மாதிரி பர்ர்ர்னு முழுசா உரிஞ்சு வந்துருச்சு. உரிஞ்சு வர்றதுக்குன்னே செஞ்ச துணிய ஒட்டுறதுக்கு வச்ச அறிவாளி நான். அது கெட்டியா நெய்த துணி, ரெசின் உள்ள புகுந்து பிடிக்க எடமில்ல, செலதுல ஒட்டாம இருக்க பூச்சும் உண்டு. ரெண்டாவது, முகக்கவசத்து துணி. கோவிட் முடிஞ்சு பெட்டி பெட்டியா மிச்சம், அதுவும் நான்வோவன்தான், ஆனா அது பாலிப்ரோப்பிலீன், எபாக்ஸி அதுல ஒட்டாது. பேர் தெரியாத துணி கிடைச்சா ஒரு துளி சோப்பு போட்ட தண்ணியில நல்லா நனைச்சு அமுக்கி விடுங்க, மிதந்தா பாலிப்ரோப்பிலீனோ பாலிஎத்திலீனோ, தூக்கி போடுங்க, நைலான் பாலியஸ்டர் பிபிஎஸ் எல்லாம் முங்கும்.

பொருள் செய்றதுக்கு முன்னாடி ஒரு சோதனை பட்டை கட்டாயம் செய்யுங்க. உங்க ரெசின், உங்க கார்பன், உங்க வெய்ல் மூணும் சேருதான்னு எந்த டேட்டாஷீட்டும் சொல்லாது. ஏடு பிரிய எவ்வளவு சக்தி வேணும்னு அளக்க லேப்ல ஏஎஸ்டிஎம் டி5528ன்னு ஒரு முறை இருக்கு, அதையே வீட்டு சாமான வச்சு பண்ணலாம், வர்ற நம்பர சர்டிபிகேட்ல போட முடியாது, ஆனா வெய்ல் வச்சது வைக்காதது ரெண்டையும் ஒப்பிட தாராளமா போதும்.

12 ஏடு அடுக்குங்க, சுமார் 3 மிமீ வரும். ஆறாவது ஏட்டுக்கும் ஏழாவதுக்கும் நடுவுல ஒரு முனையில 60 மிமீ நீளத்துக்கு ரிலீஸ் ஃபிலிம் வைங்க, கெடைக்கிறதுலயே மெல்லிசா, அந்த எடம் ஒட்டாம வாய் மாதிரி நிக்கும். ஃபிலிம் முடியிற எடத்துலேருந்து வெய்ல். இன்னொரு தகடு அப்படியே, வெய்ல் மட்டும் இல்லாம, ரெண்டையும் ஒரே நாள் ஒரே கலவையில செய்யணும். காஞ்சதும் 20 மிமீ அகலம் 150 மிமீ நீளத்துல பட்டையா வெட்டி, வாய் இருக்குற முனையில மேலயும் கீழயும் சின்ன கதவுக்கீல் ஒட்டுங்க, ஓரத்துல திருத்துற வெள்ளை மையப் பூசி பென்சிலால 5 மிமீக்கு ஒரு கோடு. கீழ் கீல மேசையோட கிளாம்ப்ல புடிச்சு, மேல் கீல மீன் நிறுக்கிற ஸ்ப்ரிங் தராசு கொக்கியில மாட்டி மெதுவா மேல தூக்குங்க. பக்கத்துல ஒரு ஸ்கேல் செங்குத்தா நிக்கட்டும், ஒருத்தர் போன்ல தராசு, ஸ்கேல், வெள்ளை ஓரம் மூணும் தெரியிற மாதிரி வீடியோ எடுக்கட்டும். முதல் ரெண்டு மூணு மிமீ விரிசல கணக்குல எடுக்காதீங்க, ஃபிலிம் முனையில ரெசின் குட்டை இருக்கும், அத தாண்டுன பிறகு வர்றதுதான் நெஜம்.

கணக்கு சுலபம். விசைய நியூட்டன்ல எடுத்து, கீல் திறந்த தூரத்தால பெருக்கி, மூணால பெருக்குங்க. அத பட்டை அகலம், கீல் ஊசியிலேருந்து விரிசல் நுனி வரைக்கும் இருக்குற நீளம், ரெண்டு, இந்த மூணோட பெருக்கலால வகுங்க. கணக்குக்காக ஒரு உதாரணம்: தராசு 2.4 கிலோ, அதாவது 23.5 நியூட்டன், திறப்பு 10 மிமீ, விரிசல் நீளம் 60 மிமீ. மேல 705, கீழ 2400, வகுத்தா 0.294, ஆயிரத்தால பெருக்குனா சதுர மீட்டருக்கு 294 ஜூல். வெய்ல் வச்ச பட்டையில அதே 60 மிமீக்கு 3.4 கிலோ, 14 மிமீ வந்ததுன்னா 584, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

நம்பர விட முக்கியம், பட்டைய முழுசா பிரிச்சு ரெண்டு முகத்தையும் வெளிச்சத்துல சாய்ச்சு பாக்குறது. ரெண்டு பக்கமும் மீசை முளைச்ச மாதிரி நூல் நூலா தொங்குதா, வெய்ல் வேலை செஞ்சிருக்கு. ஒரு பக்கம் முழு வெய்லும் ஒட்டிக்கிட்டு மறுபக்கம் வழவழன்னு பளபளன்னு கார்பன் நெசவு அச்சு மட்டும் தெரியுதா, விரிசல் வெய்ல தொடாம பக்கத்து சந்துல ஓடியிருக்கு, காரணம் பெரும்பாலும் ஈரம், இல்ல கையுறை இல்லாம தொட்ட எண்ணெய், இல்ல அந்த ரெசினுக்கு அந்த துணி ஒத்துக்கல. குழி குழியா ஊசி குத்துன மாதிரி இருந்தா குமிழி, வெய்ல் காயல.

அடி தாங்குறத பாக்கணும்னா ஒரு கிலோ இரும்புக் குண்ட ஒரு மீட்டர்லேருந்து விடுங்க, அது சுமார் 10 ஜூல், கீழ தகடு ஒரு குழாய் வளையத்து மேல உக்காந்திருக்கணும், ஷூ போட்டுக்கிட்டு விடுங்க. அப்புறம் அடிபட்ட எடத்த நடுவுல அறுத்து பேனா மை தடவி தொடைச்சா விரிசல் எல்லாம் கோடு கோடா தெரியும், ரெண்டு தகட்டுலயும் எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு பக்கத்துல வச்சு பாருங்க.

தம்பியோட துடுப்புக்கு வருவோம். பிரிஞ்ச எடத்துக்குள்ள ஊசியால ரெசின் ஏத்தி காப்பாத்தலாமான்னு கேட்டான், உள்ள தண்ணி போயிருந்தா அது வீண் வேலை, வாடகைத் துடுப்பா ஓட்டலாம், ரேஸுக்கு ஆகாது. புதுசா அடிச்சோம், நுனியிலயும் ஓரத்துலயும் 10 கிராம் நைலான் வெய்ல், நுனியில கூடவே ஒரு ஏடு அராமிட். தண்ணிக்குள்ள கெடக்குற பொருளுக்கு நைலான் வைக்கும்போது ஓரத்த அப்படியே விடக்கூடாது, வெட்டின ஓரத்துல நூல் முனை வெளிய தெரியும், அது திரி மாதிரி தண்ணிய உள்ள இழுக்கும், அதனால 400 மணல்தாள் போட்டு துடைச்சு எபாக்ஸி ரெண்டு கோட்டு, ரெண்டாவதுக்கு முன்னாடி முதல் கோட்டு பிசுக்கு போகணும். நாள் பூரா தண்ணியிலயே ஊறுற பொருள்னா பேசாம பிபிஎஸ் வாங்கிருங்க.

காஞ்ச மறுநாளே தண்ணியில எறக்கிறாதீங்க. ரூம்ல காஞ்ச எபாக்ஸி 50, 60 டிகிரிலயே எளகும், நம்ம ஊர் வெயில்ல பூட்டின காரு டிக்கிக்குள்ள அந்த சூடு சாதாரணமா வரும், துடுப்பு வளைஞ்சு போய் நிக்கும், அதனால முன்னாடியே சூட்டுல வச்சு இன்னும் கெட்டியாக்கணும். டோஸ்டர் ஓவன்ல துடுப்பு நுழையாதுன்னு நாங்க பழைய ஃபோம் பெட்டிக்குள்ள ஹீட்டர் ஃபேன் வச்சு தெர்மோஸ்டாட் மாட்டி 60 டிகிரில ஆறு மணி நேரம் வச்சோம், சூட்ட மெதுவா ஏத்தி மெதுவா எறக்குனோம். அப்புறம் ஒரு வாரம் சும்மா வச்சுட்டு, அதே 20 காசால நுனியிலேருந்து கழுத்து வரைக்கும் தட்டி, எங்க எங்க எந்த சத்தம்னு போன்ல ரெக்கார்ட் பண்ணி குடுத்திருக்கேன். மாசத்துக்கு ஒருக்கா அவனே தட்டி ஒப்பிட்டு பாத்துக்குவான்.